மருந்தின் உரைகல்

பழனிமலைத் தொடரில், கோடைக்கானலை அடுத்து, பேத்துப்பாறை என்னும் மலையூர் உள்ளது. ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலிலே காப்பிச் செடிகள் தழைத்து நிற்கும். யானைகள் உலவும் காடுகள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதில் அம்மலைச் சரிவில் நடந்து செல்வோர், கால் வைக்கும் இடமெல்லாம் ஏதேனும் ஒரு செடியையோ கொடியையோ காண்பர். அவற்றுள் எது உணவு, எது மருந்து, எது நஞ்சு என்பதைப் பழனிமலைகளில் நெடுங்காலமாய் வாழ்ந்துவரும் பளியர் நன்கு அறிவர். ஏட்டில் எழுதாத அவ்வறிவு, தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வழிவழியாக வந்ததாகும்.

மலைவாழ் முதியவர் ஒருவர் ஒரு வேரைக் காட்டி, இது இன்ன நோயைத் தீர்க்கும் என்று கூறுகிறார் என்று கொள்வோம். அவர் கூற்றை நாம் எவ்வாறு ஏற்பது? பெரியோர் சொன்னது பொய்யாகாது என்று ஆராயாமல் நம்புவோர் உண்டு. காட்டு வேர் நோய் தீர்க்குமோ என்று ஆராயாமல் இகழ்வோரும் உண்டு. ஒருவர் நம்புகிறார், மற்றவர் மறுக்கிறார். ஆயினும் ஆராயாமையில் இருவரும் ஒருவரே. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பதுபோல, மருந்தையும் உரைத்துப் பார்த்தே அதன் மதிப்பை அறிதல் வேண்டும் என்பது மூன்றாவது வழி. அவ்வழியை நம் நாட்டில் வகுத்துக் காட்டி, அதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் இருந்தார். இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படும் கர்னல் சர் இராம்நாத் சோப்ரா அவரே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

இராம்நாத் சோப்ரா 1882 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17 ஆம் நாள் பஞ்சாபிலுள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானைச் சேர்ந்ததாகும். இளமையில் காசுமீரத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. மலையும் காடும் மூலிகையும் நிறைந்த அந்நாடு பிற்காலத்தில் அவருடைய முதுமைக்கும் உறைவிடமாயிற்று. இலாகூரிலிருந்த அரசினர் கல்லூரியில் பயின்ற பின்னர், அவர் இங்கிலாந்துக்குச் சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் மருந்தியல் என்பது புதிதாய்த் தளிர்த்துவந்த ஒரு கலையாகும். எந்த மருந்தை எந்த நோய்க்குக் கொடுப்பது என்பதை மருத்துவர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். அம்மருந்து உடலினுள் சென்று என்ன செய்கிறது, எந்த உறுப்பில் வேலை செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் நன்மை, எவ்வளவு மிகுந்தால் தீமை என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே மருந்தியலின் பணி. கேம்பிரிட்ஜில் இக்கலையைக் கற்பித்து வந்த வால்ட்டர் டிக்சன் என்பார் சிறந்த சோதனையாளர். அவரிடம் பயின்றபோதுதான் சோப்ராவின் வாழ்க்கை செல்ல வேண்டிய திசை உறுதியாயிற்று. மருந்தைப் பற்றிப் பேசுமுன் அதைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்னும் பழக்கம் அவரிடம் ஆழமாக வேரூன்றியது.

மருத்துவப் பட்டம் பெற்ற சோப்ரா, 1908 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் அமர்ந்தார். அது படையோடு இணைந்த பணியாதலின், முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் படையினருடன் செல்ல நேர்ந்தது. கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆராய்ச்சி பல ஆண்டுகள் தடைப்பட்டு நின்றது. எனினும் அவருடைய வேட்கை தணியவில்லை.

கல்கத்தாவில் தொடங்கிய பணி

1921 ஆம் ஆண்டில் அவருக்கு நல்வாய்ப்பு ஒன்று கிடைத்தது. இந்நாளில் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில், வெப்ப நாடுகளுக்குரிய நோய்களை ஆராய்வதற்கென ஒரு மருத்துவ ஆராய்ச்சிப் பள்ளி நிறுவப்பெற்றது. அதன் மருந்தியல் பேராசிரியராகச் சோப்ரா அமர்த்தப்பெற்றார். இந்தியாவில் அக்கலைக்கு அமைந்த முதற் பேராசிரியர் அவரேயாவர்.

அன்றைய இந்தியாவின் நிலையை நாம் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலேரியாவும் காலராவும் சீதபேதியும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொள்ளை கொண்டன. மருந்துகளோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தன. நம் காடுகளில் விளைந்த வேரும் பட்டையும் விதையும் மலிந்த விலைக்கு மூட்டை மூட்டையாக வெளிநாடு சென்றன. அங்கே அவற்றிலிருந்து மருந்து வடித்தெடுக்கப்பட்டு, அழகிய புட்டிகளில் அடைக்கப்பட்டு, பன்மடங்கு விலையுடன் மீண்டும் நம்மிடமே வந்து சேர்ந்தன. நம் மண்ணில் விளைந்த மருந்தை விலை கொடுத்து வாங்க இயலாமல் நம் ஏழை மக்கள் வருந்தினர்.

இந்நிலையைக் கண்ட சோப்ரா மூன்று குறிக்கோள்களைத் தம் முன் வைத்துக்கொண்டார். மருந்துத் துறையில் இந்தியா தன் காலிலேயே நிற்றல் வேண்டும் என்பது முதலாவது. ஆயுர்வேதம், யுனானி முதலிய நம் நாட்டு மருத்துவ முறைகளில் வழங்கும் மருந்துகளை ஆராய்ந்து, மெய்யான பயனுடையவற்றை உலகம் ஏற்கச் செய்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஏழை மக்களும் வாங்கத்தக்க மலிவான மருந்துகளைக் கண்டறிதல் வேண்டும் என்பது மூன்றாவது.

இக்குறிக்கோள்களை அடைய அவர் வகுத்த முறை எளியது, ஆனால் கடுமையானது. முதலில் மூலிகை இன்னதென்று ஐயமற அறிதல் வேண்டும். ஒரே பெயரில் இரு வேறு செடிகள் சந்தையில் விற்கப்படுவது வழக்கம். சான்றாக, சீதபேதிக்கு மருந்தாகும் குடசப்பாலைப் பட்டைக்குப் பதிலாக, அதனைப் போலவே தோன்றும் வெட்பாலைப் பட்டை விற்கப்பட்டு வந்தது. பட்டை மாறியதால் நோய் தீரவில்லை. பழியோ குடசப்பாலையின்மேல் விழுந்தது. ஆகவே செடிநூல் வல்லார் முதலில் மூலிகையை உறுதி செய்வர். பின்பு வேதியியலார் அதன் சத்தைப் பிரித்தெடுப்பர். அதன்பின் மருந்தியலார் அச்சத்தை விலங்குகளிடம் சோதிப்பர். இவ்வளவும் நிறைவேறிய பிறகே மருத்துவர் அதனை மருத்துவமனையிலுள்ள நோயாளிகளுக்கு அளந்து கொடுத்து, விளைவைக் குறித்துவைப்பர். இந்நால்வரும் ஒரே கூரையின்கீழ் ஒன்றுபட்டு உழைக்கும் ஆராய்ச்சி முறையை இந்தியாவில் நிலைநாட்டியது சோப்ராவின் பெருஞ்செயலாகும்.

குருதியின் அழுத்தம்

சோப்ராவின் ஆராய்ச்சிச் சாலையில் சோதிக்கப்பட்ட மூலிகைகள் பல. அவற்றுள் புகழ் மிக்கது சர்ப்பகந்தி என்னும் சிறு செடி. அதன் வரலாற்றை அறியுமுன், அது தீர்க்கும் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

நம் இதயம் இடைவிடாது சுருங்கி விரிந்து குருதியைக் குழாய்களில் செலுத்துகின்றது. அவ்வாறு செல்லும் குருதி, குழாய்களின் சுவர்களைத் தள்ளுகின்ற விசையே இரத்த அழுத்தம் எனப்படும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் குருதி எட்டு அடிக்கு மேல் எழுவதைக் கண்டார். அச்செய்தியை அவர் வெளியிட்ட ஆண்டு 1733. பின்னர் பாதரச அழுத்தமானி வந்தது. 1896 இல் இத்தாலியரான ரீவா ரோச்சி என்பார், தோளில் பட்டை கட்டிக் காற்றடைத்து அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். இன்று மருத்துவர் நம் கையில் கட்டும் பட்டை அதன் வழிவந்ததே.

இவ்வழுத்தம் அளவுக்கு மீறி உயர்ந்து நிலைத்துவிடுவதே இரத்த மிகு அழுத்த நோய். இந்நோய் பெரும்பாலும் வலியின்றி, அறிகுறியின்றி மறைந்திருக்கும். இதயம் களைக்கும், சிறுநீரகம் கெடும், ஒருநாள் மூளையிலுள்ள குழாய் வெடித்து உயிரையே மாய்க்கும். சோப்ரா ஆராய்ச்சி தொடங்கிய நாளில் இந்நோய்க்கு நம்பத்தக்க மருந்து உலகில் எங்கும் இல்லை. ஓய்வும் உப்புக் குறைந்த உணவுமே மருத்துவர் கூறிய வழிகள். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இந்நோயால் நெடுநாள் துன்புற்று, 1945 ஆம் ஆண்டு ஏப்ரலில் மூளையில் குருதி கசிந்து மாண்டார். உலகின் வல்லமை மிக்க நாட்டின் தலைவரையும் அந்நாளைய மருத்துவத்தால் காக்க இயலவில்லை.

சர்ப்பகந்தியின் சோதனை

சர்ப்பகந்தி முழங்கால் அளவு வளரும் சிறு செடி. இமயத்தின் அடிவாரத்திலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம் மிகுந்த காடுகளிலும் அது வளரும். அதன் வேர் மிகவும் கசப்பானது. பாம்புக் கடிக்கும் காய்ச்சலுக்கும் அவ்வேரை மக்கள் பயன்படுத்தினர். பீகாரிலும் வங்காளத்திலும் சித்தம் கலங்கியோரை அமைதிப்படுத்த அதனைக் கொடுத்தனர். ஐரோப்பியச் செடிநூலார், 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரவுவோல்ஃப் என்னும் செருமானிய மருத்துவரின் பெயரை அச்செடியினத்துக்குச் சூட்டியிருந்தனர். பெயர் சூட்டினரேயன்றி, அதன் ஆற்றலை மேலை உலகம் அறியவில்லை.

1931 ஆம் ஆண்டு இச்செடியின் வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்க மருத்துவர் இருவர், இவ்வேர் சித்தக் கலக்கத்தைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கின்றது என்று எழுதினர். அதே ஆண்டில் தில்லியில் சலீமுசமான் சித்திக்கி என்னும் வேதியியல் அறிஞர், அவ்வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைத் தூய படிகங்களாகப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றற்கு, யுனானி மருத்துவப் பெரியாரான அக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலைன் என்று பெயரிட்டார்.

வேர் அழுத்தத்தைக் குறைக்கின்றது என்பது உண்மையா? உண்மையாயின், எச்சத்தால் குறைகின்றது? நோயாளி ஒருவர் நலமடைந்தார் என்பதனால் மட்டும் மருந்தின் ஆற்றல் உறுதிப்படாது. ஓய்வினாலும் நலமடைந்திருக்கலாம், நம்பிக்கையினாலும் நலமடைந்திருக்கலாம். இவ்வையங்களைப் போக்கவே சோப்ராவும் அவருடன் உழைத்தோரும் சோதனைச் சாலையில் இறங்கினர்.

அக்காலத்துச் சோதனை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிவது சுவையானது. விலங்குக்கு வலி தெரியாதவாறு முதலில் மயக்க மருந்து கொடுப்பர். அதன் கழுத்துத் தமனியில் நுண்ணிய குழாயைச் செருகிப் பாதரச அழுத்தமானியுடன் இணைப்பர். பாதரசத்தின்மேல் மிதக்கும் தக்கையில் மெல்லிய எழுதுகோல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் எதிரே புகைக்கரி படிந்த தாளைச் சுற்றிய உருளை மெல்லச் சுழலும். இதயம் துடிக்கும்போதெல்லாம் எழுதுகோல் எழுந்து தாழ்ந்து, கரிய தாளில் வெண்ணிற அலையை வரைந்துகொண்டே செல்லும். அலை சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது, அளந்தெடுத்த மருந்தைச் சிரையின் வழியே செலுத்துவர். அழுத்தம் குறைந்தால் கோடு கீழே இறங்கும். மிகுந்தால் மேலே ஏறும். மருந்து பயனற்றதாயின் கோடு தன் வழியே செல்லும். அக்கோடு யாருடைய விருப்பையும் வெறுப்பையும் அறியாது. நம்புவோனுக்காக இறங்குவதுமில்லை, இகழ்வோனுக்காக ஏறுவதுமில்லை.

1933 ஆம் ஆண்டில் சோப்ராவும் அவருடைய துணைவர்களான குப்தாவும் முகர்ஜியும் சர்ப்பகந்தி ஆல்கலாய்டு ஒன்றன் செயலைப் பற்றிய தம் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். வேரின் சத்து விலங்குகளின் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதையும் அவற்றை அமைதியுறச் செய்வதையும் அவர்கள் கண்டனர். முதியோர் கூற்று உரைகல்லில் தன் மாற்றைக் காட்டிற்று.

ஆயினும் சோப்ரா அவ்வளவில் நிற்கவில்லை. இயல்பான அழுத்தமுள்ள விலங்கில் மருந்து செய்யும் வேலை ஒன்று. நோயினால் அழுத்தம் உயர்ந்த உடலில் அது செய்யும் வேலை வேறாக இருக்கலாம். 1934 இல் அமெரிக்க அறிஞர் ஹாரி கோல்ட்பிளாட், நாயின் சிறுநீரகத் தமனியைச் சிறிது இறுக்கி, நிலையான மிகு அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். இத்தகைய முறைகளால், நோயுற்ற நிலையிலேயே மருந்தைச் சோதிக்க வழி பிறந்தது. 1942 இல் சோப்ராவின் குழுவினர், சர்ப்பகந்தியின் பல்வேறு ஆல்கலாய்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, செயற்கையாக உண்டாக்கிய மிகு அழுத்தத்தில் அவை ஆற்றும் பங்கினையும் ஆராய்ந்து எழுதினர்.

இவ்வாராய்ச்சியில் ஒரு புதிர் மட்டும் எஞ்சி நின்றது. படிகங்களாகப் பிரித்தெடுத்த ஆல்கலாய்டுகள், முழு வேர் செய்யும் வேலையை முற்றும் செய்யவில்லை. படிகங்களை எடுத்தபின் எஞ்சிய பிசின் போன்ற பகுதியிலும் உறக்கம் தரும் ஆற்றல் இருப்பதை இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். கழிவென்று தள்ளத்தக்க பகுதியிலேதான் வேரின் உயிர் ஒளிந்திருந்தது.

அப்புதிர் 1952 இல் விடுபட்டது. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரில், சீபா என்னும் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் அப்பிசின் பகுதியிலிருந்து ரெசர்பின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்பே, 1949 இல், பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் என்னும் மருத்துவர், மிகு அழுத்த நோயாளிகள் 50 பேருக்குச் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்டிருந்தார். அக்கட்டுரை உலக மருத்துவரின் கண்களைத் திறந்தது. நம் நாட்டுக் காட்டு வேர், உலகெங்கும் எண்ணற்ற நோயாளிகளுக்கு மருந்தாயிற்று.

எலிகள் செய்த உதவி

சோப்ராவின் காலத்துக்குப் பின் சோதனை முறை மேலும் செம்மையடைந்தது. 1963 இல் சப்பானிய அறிஞர்களான ஒக்கமோட்டோவும் ஆவோக்கியும், அழுத்தம் மிகுந்த எலிகளையே தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கி, பிறவியிலேயே இரத்த மிகு அழுத்தத்திற்கு உள்ளாகும் எலி இனம் ஒன்றைக் கியோட்டோ நகரில் உருவாக்கினர். எவ்வித அறுவையுமின்றித் தானே நோயுறும் அவ்வெலி, மாந்தர் நோயை ஆராயத் துணையாயிற்று.

எலியின் அழுத்தத்தை எவ்வாறு அளப்பது? நமக்குத் தோளில் பட்டை கட்டுவதுபோல, எலிக்கு வாலில் சிறு வளையம் மாட்டுவர். வாலை இளஞ்சூட்டில் வைத்தால் குருதியோட்டம் நன்கு புலப்படும். வளையத்தில் காற்றேற்றினால் ஓட்டம் நிற்கும். காற்றை மெல்லத் தளர்த்தும்போது எந்த அளவில் ஓட்டம் மீளுகின்றதோ அதுவே அழுத்தத்தின் அளவாகும். அச்சத்தினால் எலியின் அழுத்தம் உயர்ந்துவிடும். ஆதலால் பல நாள் பழக்கி, அதன் அச்சத்தைப் போக்கிய பின்னரே அளத்தல் வேண்டும்.

எலிகளை இரு கூட்டமாகப் பிரிப்பர். ஒரு கூட்டத்திற்கு மருந்து. மற்றதற்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். உணவும் உறைவிடமும் இரண்டிற்கும் ஒன்றே. இயலுமிடத்து, அளப்பவர்க்கு எந்த எலி எக்கூட்டத்தது என்பதையும் மறைத்துவைப்பர். ஏனெனில் மாந்தர் மனம் தான் விரும்பியதையே காணும் இயல்புடையது. பல நாட்கள் அளந்த பின்னர் மருந்துண்ட கூட்டத்தில் மட்டும் அழுத்தம் தாழ்ந்திருப்பின், மருந்துக்கு ஆற்றலுண்டு எனலாம். எனினும் எலிக்கு நன்மை செய்வதெல்லாம் மாந்தர்க்கும் நன்மை செய்யும் என்று கொள்வதற்கில்லை. எலி வாயிலைத் திறந்துவிடுமேயன்றி, வீட்டினுள்ளே அழைத்துச் செல்லாது.

இவ்வுண்மைக்கு ரெசர்பினே சான்றாகும். அது நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் நார்அட்ரினலின் என்னும் பொருளை வற்றச் செய்வதால், குருதிக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் குறைகின்றது. ஆனால் அம்மருந்தை மிகுதியாக உண்ட நோயாளிகள் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு உள்ளாயினர். மருத்துவர் அதனைக் கண்டு அளவைக் குறைத்தனர். பின்னர் வேறு நல்ல மருந்துகள் தோன்றவே, ரெசர்பினின் வழக்கு அருகிவிட்டது. மருந்தின் சோதனை ஆராய்ச்சிச் சாலையில் தொடங்குகின்றது. ஆனால் அங்கேயே முடிந்துவிடுவதில்லை.

கலப்படத்தை எதிர்த்த காவலர்

மருந்து நல்லதாயினும், கடையில் விற்பது அம்மருந்துதானா என்பது மற்றொரு வினா. அந்நாளில் மருந்துக் கலப்படம் நாடெங்கும் பரவியிருந்தது. மலேரியாவுக்கு உயிர் மருந்தான கொயினாவிலும் கலப்படம் புகுந்தது. காய்ச்சலால் நடுங்கும் ஏழை, தன் கூலியைக் கொடுத்து மருந்தென்று வாங்கி உண்டது மருந்தாக இல்லாமற் போனால், அதனைக் களவு என்பதா, கொலை என்பதா? இக்கொடுமையைத் தடுக்க அன்று தக்க சட்டம் இல்லை.

இதனை ஆராய 1930 ஆம் ஆண்டில் அரசினர் ஒரு குழுவை அமைத்துச் சோப்ராவைத் தலைவராக்கினர். மருந்துகளின் தரத்தைச் சோதிக்க ஆய்வுச் சாலைகள் வேண்டும். மருந்து செய்வதையும் விற்பதையும் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும். மருந்து கலப்போர் அதற்கெனக் கல்வி பெற்றோராதல் வேண்டும் என்று அக்குழு 1931 இல் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1940 ஆம் ஆண்டில் மருந்துச் சட்டம் நிறைவேறிற்று. இன்று நாம் வாங்கும் மருந்தின் உறையில் பெயரும் அளவும் காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அக்காவலுக்கு வித்திட்டோருள் முதல்வர் சோப்ரா என்பது மிகையாகாது.

1933 இல் அவர் இந்திய நாட்டு மருந்துகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அந்நூலில் அவர் பயனுள்ள மூலிகைகளைப் பாராட்டியதோடு, சோதனையில் பயனற்றவையெனக் கண்டவற்றையும் மறையாது கூறினார். நம் நாட்டு மருந்து என்பதற்காக அவர் தராசுத் தட்டைச் சாய்க்கவில்லை. அந்நேர்மையே அவருடைய சொல்லுக்கு உலக அரங்கில் மதிப்பைத் தந்தது.

முதுமையும் மறைவும்

கல்கத்தா ஆராய்ச்சிப் பள்ளியின் இயக்குநராகவும் பணியாற்றிய சோப்ரா, 1941 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே சர் என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. ஓய்வு என்பது பெயரளவிலேயே இருந்தது. தாம் இளமையில் அறிந்த காசுமீரத்துக்குத் திரும்பி, அங்கே மருந்து ஆராய்ச்சிச் சாலை ஒன்றை அமைத்து நடத்தினார். ஜம்முவிலுள்ள அந்நிலையம் 1957 இல் நடுவண் அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தோடு இணைந்து, இன்றும் மூலிகை ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளது.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், நாட்டு மருத்துவ முறைகளைப் பற்றி ஆராய அமைந்த குழுவுக்கும் அவரே தலைவரானார். 1948 இல் அக்குழு அளித்த அறிக்கை, பழைய முறையும் புதிய முறையும் பகைத்து நிற்றலாகாது. இரண்டிலுமுள்ள நன்மைகள் ஒன்று கலத்தல் வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்திற்று. அவரிடம் பயின்றோர் நாடெங்கும் பரவினர். சர்ப்பகந்தி ஆராய்ச்சியில் துணைநின்ற முகர்ஜி, பின்னாளில் இலக்னோவிலுள்ள நடுவண் மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கினார்.

தொண்ணூறு ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்த சோப்ரா, 1973 ஆம் ஆண்டு சூன் திங்கள் 13 ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சர்ப்பகந்தியின் புகழ் அச்செடிக்கே தீங்காக முடிந்ததையும் நாம் மறத்தலாகாது. வேருக்காக அதனை அடியோடு பிடுங்கினமையால், காடுகளில் அது அருகிப்போயிற்று. இன்று உலக நாடுகளின் உடன்படிக்கை ஒன்று அதன் வாணிகத்தைக் கட்டுப்படுத்துகின்றது. மருந்தைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. அதனை ஈன்ற காட்டையும் காத்தல் வேண்டும்.

மாணவர்களே! பேத்துப்பாறை போன்ற மலையூர்களுக்கு நீங்கள் செல்ல நேர்ந்தால், வழியில் காணும் செடிகளை உற்று நோக்குங்கள். அங்கு வாழும் முதியோர் கூறுவதைப் பணிவுடன் கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். ஆனால் ஆராயாமல் எதனையும் உண்ணாதீர்கள். ஆராயாமல் எதனையும் இகழாதீர்கள். செவிவழி வந்த அறிவுக்குச் செவி கொடுத்து, அதனைச் சோதனையில் உரைத்துப் பார்த்து, கண்ட உண்மையை அஞ்சாது உரைத்தவர் இராம்நாத் சோப்ரா. இன்னும் உரைத்துப் பார்க்கப்படாத வேர்கள் நம் மலைகளில் பல உள. அவற்றின் மாற்றைக் காண வேண்டிய பொறுப்பு உங்கள் தலைமுறையினுடையது.